சீர்த்தட்டில் ஓர் எருமை

பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதி ஊர்க்காரர் சென்னிமலைக்கு ஐம்பதாவது வயதில் ஒரு கோழியின் மேல் பொறாமை வந்தது. உயிருள்ள கோழியாக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு காரியம் முடிந்திருக்கும். இது காகிதக் கோழி. தலையில் ஹெல்மெட், கண்ணில் கூலிங் கிளாஸ், பின்னால் பால் கேன் கட்டிய ஸ்கூட்டரில் பறக்கிறது. கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து, வேலந்தாவளத்தில் அவர் தங்கை மயிலாத்தாள் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார்கள். உள்ளே வருகிறவன் முதலில் கோழியைத்தான் பார்த்தாக வேண்டும். வீட்டு மனுசர்களை அதற்கப்புறம்தான்.

மயிலாத்தாள் தினமும் இரண்டு வேளை ஸ்கூட்டியில் கேன் கட்டிக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போகிறவள். அதனால் படத்துக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. கீரை விற்க வருகிறவள்கூட, இது நீங்கதானே என்று சிரித்துவிட்டுத்தான் கூடையை இறக்குவாள்.

கொடுத்தவன் சிவப்பிரகாஷ், சென்னிமலையின் தம்பி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று பொங்கலுக்கு முன்னால் ஏதோ கண்காட்சியில் பார்த்தேன் என்று அந்தப் படத்தைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினான். கூடவே ஒரு வாழ்த்து அட்டை. சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்து காப்பி குடிக்கிற பூனை. உள்ளே அவன் கையெழுத்தில், "அக்கா, நீயும் சித்த நேரம் உக்காரு." அந்த ஒரு வரியை மயிலாத்தாள் அந்த வருசம் முழுக்க வந்தவர் போனவர் எல்லாரிடமும் படித்துக் காட்டினாள். நின்றுகொண்டேதான் படித்துக் காட்டினாள் என்பது வேறு விசயம்.

சென்னிமலையை அது எங்கே குத்தியது என்று சொல்ல வேண்டும். அப்பா செத்தபோது அவருக்கு இருபது வயது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர், தென்னந்தோப்பையும் கடலைக்காட்டையும் பார்த்துக்கொண்டு, தங்கையைக் கட்டிக்கொடுத்து, தம்பியைப் படிக்க வைத்தார். அதைப் பெருமையாக வெளியில் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் ஒரு விசயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். பொங்கலுக்குத் தங்கைக்குப் பொறந்த வீட்டுச் சீர் கொண்டுபோவது அவர் வேலை. இருபத்தாறு வருசமாக ஒரு நோம்பி தவறியதில்லை. மஞ்சக்காமாலை வந்த வருசம்கூட இன்னொருத்தன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு போனார். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, வெல்லம், பச்சரிசி, மேலே ஒரு சேலை.

இருபத்தாறு சேலை. ஒன்றையாவது சுவரில் மாட்டினாளா?

ஒரு தடவை வாயை விட்டுக் கேட்டும் விட்டார், போன நோம்பிச் சேலையைக் கட்டினாயா என்று. "பீரோவுல இருக்குதுங்ணா. நல்ல சேலை, எடுக்கறதுக்கு மனசு வருல" என்றாள் அவள். நல்ல வார்த்தைதான். சென்னிமலை காதில் அது, உன் சேலை இருட்டில் கிடக்கிறது, தம்பி கோழி வெளிச்சத்தில் இருக்கிறது என்றுதான் விழுந்தது.

அதற்கப்புறம் ஒரு பொங்கலுக்குச் சிவப்பிரகாஷ் மீசை வைத்த பலாப்பழம் ஒன்றைக் கொண்டுவந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கைகட்டி நிற்கிற பலாப்பழம். அச்சு அசலாக மயிலாத்தாளின் புருசன் சதீஷ்தான். சதீஷுக்குக் கோபம் வரும் என்று சென்னிமலை உள்ளூர எதிர்பார்த்தார். அந்த மனுசனோ அதைப் போட்டோ எடுத்துத் தன் சொந்தக்காரர் குரூப்பில் போட்டுக்கொண்டான்.

அதிலிருந்து சென்னிமலை அந்த வீட்டுக்குப் போனால் படங்களுக்கு முதுகைக் காட்டுகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். ஒருநாள் ஆணி தளர்ந்து கோழி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பார்த்தார். சொல்லவில்லை. அவர் வீட்டுக்காரி ஒருதரம், நம்ம ஊட்டுக்கும் அப்படி ஒரு படம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லப்போய், இரண்டு நாள் அவளிடம் பேச்சில்லை.

இந்த வருசம் மார்கழி பாதியில் ஒரு முடிவுக்கு வந்தார். மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கொழிஞ்சாம்பாறை போய் பஸ் மாறிப் பாலக்காட்டில் இறங்கினார். கோட்டை மைதானத்தில் கிறிஸ்துமஸ் புதுவருசத்துக்கு மேளா போட்டிருந்தார்கள். ஜனவரி கடைசி வரைக்கும் உண்டு என்று வாசலில் பேனர். அப்பளம், ஊறுகாய், மெத்தை, மிக்சி எல்லாவற்றையும் தாண்டி, கடைசி வரிசையில் அவர் தேடி வந்த கடை இருந்தது. கயிறு கட்டி, துணி காயப்போடுகிற மாதிரிப் படங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தது ஒரு பெண். பெயர் மௌனிகா. சூரியநெல்லி எஸ்டேட் பக்கம். பாலக்காட்டில் தங்கிப் படிக்கிறது. எல்லாம் அது வரைந்ததுதான்.

லாட்டரிச் சீட்டு விற்கிற கடுவன் பூனை. தேயிலைக் காட்டில் முதுகில் கூடை மாட்டி, தும்பிக்கையால் கொழுந்து கிள்ளுகிற யானை. வாளையார் செக்போஸ்ட்டில் வரிசையில் நின்று நின்று, தலையணை போட்டுத் தூங்கிவிட்ட லாரி. லாரிப் படத்தைப் பார்த்துச் சென்னிமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். தம்பியின் ருசி தனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று ஒரு கூச்சம்.

"யாருக்குண்ணே பாக்குறீக?" என்றது பெண்.

"தங்கச்சிக்குங்க. பொங்க நோம்பிக்கு."

"அவுகளுக்கு என்ன புடிக்கும்?"

"சேலை."

"அது எல்லாருக்கும் புடிக்கும்ணே. அவுகளுக்கு மட்டும்னு புடிச்சது?"

சென்னிமலை நின்றார். மயிலாத்தாளின் ரத்த குரூப் தெரியும். கல்யாணம் நடந்த தேதி, கிழமை தெரியும். அவளுக்கு எந்த மாத்திரை சேராது என்று தெரியும். பிடித்தது என்ன என்று கேட்டால் கை வெறுமையாக இருந்தது. சேலைகளைக்கூட எடுத்தது அவர் வீட்டுக்காரிதான். பெங்களூரில் இருக்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது, எட்டு மைல் தூரத்தில் இருக்கிறவனுக்குத் தெரியவில்லை.

"தம்பி கோழி குடுத்தானுங்க. அதைவிட நல்லதா ஒண்ணு வேணும்" என்றார்.

"போட்டியாண்ணே?"

"போட்டியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஜெயிக்கோணும், அவ்வளவுதான்."

அது சிரித்துக்கொண்டே படக்கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து, நிதானமாகப் பார்க்கச் சொன்னது. ஒவ்வொன்றாகப் புரட்டினார். மயிலாத்தாளை எதிலும் காணோம். நரி, மீன்கொத்தி, சைக்கிள் ஓட்டுகிற முருங்கைக்காய். பாதிக்கு மேல் வந்தபோது ஓர் எருமை. குளத்தில் கழுத்து வரைக்கும் முங்கிக் கிடக்கிறது. தலையில் ஈரத்துண்டு முண்டாசு. கண்ணாடி மாட்டிப் பேப்பர் படிக்கிறது. யார் கூப்பிட்டாலும் எழுந்து வருவதாக இல்லை என்று அதன் மூஞ்சியிலேயே எழுதியிருந்தது.

சென்னிமலை அடுத்த படத்துக்குப் போகவில்லை. மயிலாத்தாளுக்கு ஒன்பது வயதில் வீட்டில் கருப்பி என்று ஓர் எருமை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதை வாய்க்காலுக்கு ஓட்டிப்போவது இவள் வேலை. எருமை தண்ணீரில் படுத்துக்கொள்ளும். இவள் அதன் மேல் உட்கார்ந்து வறுத்த கடலையைத் தின்றுகொண்டே வீட்டுப்பாடம் படிப்பாள். இரண்டு பேருக்கும் கரைக்கு வர மனசு இருக்காது. கரையில் நின்று குச்சியை ஆட்டிக்கொண்டு கத்துவது சென்னிமலை. சிவப்பிரகாஷ் அப்போது பிறக்கவே இல்லை. அந்தக் கடைசி விசயம் மனசில் பட்டதும்தான் அவருக்கு நிம்மதியே வந்தது.

"இதுதானுங்க" என்றார். கூடவே அதே எருமை போட்ட சின்ன அட்டை ஒன்றும் வாங்கிக்கொண்டார்.

படம் சுலபம். அட்டைதான் சிரமம். அதில் எழுத வேண்டுமே. 'நீயும் சித்த நேரம் உக்காரு' என்பதைத் தோற்கடிக்கிற மாதிரி எழுத வேண்டும். மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்னால் எழுதிப் பார்த்தார். நலமுடன் வாழ்க என்று வந்தது. பஞ்சாயத்து மெம்பர் அடித்த நோட்டீஸ் மாதிரி இருந்தது. அடித்தார். பொங்கல் வரைக்கும் நான்கு தாள் போயிற்று. கடைசியில் வாயில் வருகிறதை அப்படியே எழுதினார்: "மயிலு, இன்னைக்கு நான் கூப்பிட மாட்டேன். எத்தனை நேரம் வேணும்னாலும் இரு." எழுத்து கோணலாக இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இத்தனையும் யோசித்தவர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

பட்டிப்பொங்கல் அன்று, மாட்டுக்குப் பொங்கல் வைக்கிற நாளில் எருமைப் படம் எவ்வளவு பொருத்தம் என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டு, தாம்பாளத்தோடு வேலந்தாவளம் போய் இறங்கினார். வாசலில் பெங்களூர் கார் நின்றது. தம்பி முந்தின நாளே வந்துவிட்டான். உள்ளே நுழைந்ததும் கண் தானாகச் சுவருக்குப் போயிற்று. மூன்றாவது படமும் ஏறிவிட்டது. குடை பிடித்துக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நிற்கிற தவளை. பலாப்பழத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இன்னும் ஒரு படத்துக்கு இடம் இருந்தது. அளந்துகொண்டார். போதும்.

அந்தச் சுவரைப் பார்த்த மாதிரி இரும்புக் கட்டிலில் மயிலாத்தாளின் மாமனார் சாய்ந்திருந்தார். போன மாசம் நெஞ்சுவலி வந்து, கோயமுத்தூரில் ரத்தக்குழாயில் ஸ்பிரிங் வைத்து, பதினோரு நாளைக்கு முன்னால்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சென்னிமலைக்கு எல்லாம் தெரியும். ஆஸ்பத்திரிக்கே போய் ஆரஞ்சு கொடுத்துவிட்டு வந்தவர். தலைமாட்டில் மாமியார்க்காரி விபூதித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

தாம்பாளத்தை வைத்தார். சதீஷும் மயிலாத்தாளும் சேர்ந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். சேலைக்கு மேல் பேப்பர் சுற்றிய பொருளைப் பார்த்ததும் சிவப்பிரகாஷ் எட்டிப் பார்த்தான். அதைச் சென்னிமலை கவனித்துவிட்டார். அவருக்கு அந்த நிமிசம் போதுமாக இருந்தது. அதோடு எழுந்து வந்திருந்தால் நல்லது.

சதீஷ் பேப்பரைப் பிரித்துப் படத்தைத் தூக்கிப் பிடித்தான். கட்டிலில் இருந்தவருக்குத் தெரிகிற மாதிரி.

மாமியார்க்காரி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"எருமையா" என்றார். "எம வாகனத்தையா தட்டத்துல வெச்சுக் கொண்டுவந்தீங்க? அதும் அவுரு படுத்துட்டிருக்கறப்ப?"

சென்னிமலைக்கு அப்போதுதான் உறைத்தது. எருமைமாடு யாருடைய வாகனம் என்று மூன்று வயசுப் பிள்ளைக்குத் தெரியும். தெற்கே பார்த்துப் படுக்கக் கூடாது, நோயாளி வீட்டில் எருமைப் பேச்சே எடுக்கக் கூடாது என்றெல்லாம் ஊருக்குச் சொல்கிற ஆள் அவர். பதினைந்து நாளாக அந்தப் படத்தைப் பார்த்தபோதெல்லாம் தம்பியின் கோழிதான் குறுக்கே நின்றது. எமன் நினைவுக்கு வரவே இல்லை. இன்னைக்குப் பட்டிப்பொங்கல்தானுங்களே என்று என்னவோ முனகினார்.

சதீஷ் படத்தை மெல்லத் தட்டில் கவிழ்த்து வைத்தான். சிவப்பிரகாஷ் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனான். அந்த இருமல்தான் சென்னிமலையைக் கொன்றது.

கட்டிலில் இருந்தவர் கையை நீட்டினார். அதை இங்கே கொண்டு வா என்றார். பொஞ்சாதி தடுத்தும் கேட்கவில்லை. படத்தை மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"முண்டாசு கட்டீட்டுப் பேப்பர் படிச்சுட்டு இருக்குது. இதா என்னைக் கூட்டீட்டுப் போறது? இதுக்கே எந்திரிக்க மனசில்லைங்களே, மாப்பிள்ளை" என்றார் சென்னிமலையைப் பார்த்து.

சதீஷ் சிரித்தான். சென்னிமலையால் சிரிக்க முடியவில்லை. மாமியார்க்காரியிடமும் அது செல்லவில்லை. உப்பும் மிளகாயும் சுற்றிப் போட வேண்டும், முதலில் இந்தச் சனியன் ஆசாரத்தைவிட்டு வெளியே போகட்டும் என்று பிடிவாதமாக நின்றார். மயிலாத்தாள் வந்து படத்தையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இலை போட்டார்கள். சென்னிமலை கையை வைத்தாரே தவிரச் சாப்பிடவில்லை. எதிர்ச் சுவரில் தவளை குடையோடு நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த சிவப்பிரகாஷ், பரவாயில்லைங்ணா, அடுத்த வருசம் நான் பார்த்து ஒண்ணு வாங்கித் தர்றேன், நீங்க உங்க தட்டுல வெச்சுக் குடுத்துருங்க என்று சமாதானம் சொன்னான். நல்ல மனசோடுதான் சொன்னான். சென்னிமலை அந்த ரசத்தை அப்படியே அவன் தலையில் ஊற்றியிருப்பார். இலையை மூடிவிட்டு எழுந்தார்.

கை கழுவிவிட்டுப் பின்வாசல் வழியாகவே கிளம்பிவிடலாம் என்று சமையல்கட்டுப் பக்கம் சுற்றி வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். கவிழ்த்த பால் கேனின் மேல், முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு. வெளியே பொங்கல் பானை பாதியில் கிடக்கிறது, மாடுகள் கொம்புக்குப் பெயிண்ட் காயக் காத்து நிற்கின்றன, ஆசாரத்தில் இன்னும் ஒரு பந்தி இருக்கிறது. இவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் பகல் வேளையில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

எருமைப் படம் அடுப்புக்கு மேலே, மஞ்சள்தூள் டப்பாவுக்கும் கடுகு டப்பாவுக்கும் நடுவில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"உள்ள வாங்கண்ணா" என்றாள், திரும்பாமலே. "அத்தை சமையக்கட்டுக்கு வர மாட்டாங்க. முட்டி வலி. இது இங்கயே இருக்கட்டும்."

சென்னிமலை வாசற்படியில் நின்றார். ஆசாரத்தில் மாட்டினால்தானே நாலு பேர் பார்ப்பார்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் பேசினாள்.

"ஒரு நாளாச்சும் விட்டிருக்கறீங்களா, சொல்லுங்க. தண்ணிக்குள்ள போய்ச் சித்த நேரம் ஆகாது, கரையில நின்னுட்டு வா வான்னு கத்தீட்டே இருப்பீங்க. கருப்பி காதை மட்டும் ஆட்டும். எனக்கு உங்களைக் கொன்னு போடலாம்னு இருக்கும்." அட்டையை மறுபடி படித்தாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்பப் பாருங்க, எழுதிக் குடுத்திருக்கறீங்க."

"கோழி நல்லா இருக்குதா, இது நல்லா இருக்குதா?" என்று கேட்டுவிட்டார் சென்னிமலை. கேட்டிருக்கக் கூடாது. ஐம்பத்து மூன்று வயது மனுசன் கேட்கிற கேள்வியா?

மயிலாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்தாறு வருசச் சீரையும் அந்த ஒரு பார்வையில் எடை போட்டாள் போலிருந்தது. "கோழி வர்றவீங்களுக்கு" என்றாள். "பேசாம உக்காருங்க."

அப்போது காப்பி டம்ளரோடு சிவப்பிரகாஷ் உள்ளே வந்தான். அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். அடுப்புக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தான். அவள் கையிலிருந்த அட்டையைத் தலையைச் சாய்த்துப் படித்தான். அவள் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அவனிடம் படித்துக் காட்டவில்லை.

"எந்தக் கூப்பிடறதுங்க்கா? எங்க?" என்றான்.

"அது உனக்குத் தெரியாது சாமி. நீ பொறக்கறதுக்கு முந்தின வருசம்."

சிவப்பிரகாஷ் சரி என்று சொன்னான். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய், குடிக்காமல் மேடையில் வைத்தான். படத்தைக் கையில் எடுத்து அச்சு எப்படி, தாள் எப்படி என்று திருப்பிப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் அது கொஞ்சம் தள்ளி நின்றது. சென்னிமலைக்கு அந்த முகம் அத்துப்படி. மூன்று வருசமாகச் சவரம் பண்ணும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்த முகம் அது. தம்பி மேல் பரிதாபப்பட வேண்டும் என்று ஒரு நொடி முயற்சி பண்ணினார். வரவில்லை. உள்ளங்காலிலிருந்து ஒரு குளிர்ச்சிதான் ஏறிக்கொண்டு வந்தது.

"நல்ல ஆர்ட்டிஸ்ட்டா இருக்கறாங்களேண்ணா. எங்க வாங்கினீங்க?"

மேளா முடிய இன்னும் பதினைந்து நாள் கிடந்தது. கோட்டை மைதானத்தில் கடைசி வரிசை, இடது கைப்பக்கம்.

"பாலக்காட்டுல ரோட்டோரம் ஒரு கடை" என்றார் சென்னிமலை. "அப்பவே காலி பண்ணீட்டுப் போய்ட்டாங்க. எங்கயோ வடக்க, காசர்கோட்டுக்காரங்களாம்."

சொல்லிவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வயிறு காந்தியது. காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பந்தியில் மிச்சம் என்ன இருக்கிறது என்று தங்கையிடம் கேட்டார். அவள் எழப் போனாள்.

"நீ இரு" என்று கையமர்த்திவிட்டு, "சிவா, அந்தச் சோத்துக் குண்டாவை இந்தப் பக்கமா எடுத்தா" என்றார்.